இன்ஜின் வேலை பார்த்த பிறகு டைமிங் செயின் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்த வண்டி முதன்முறை ஸ்டார்ட் ஆகும்போது, உரிமையாளரின் காது வழக்கத்தைவிடப் பத்து மடங்கு கூர்மையாகிவிடுகிறது. அதன்பின் கேள்விகள் வரத் தொடங்கும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஹெட்டில் (சிலிண்டரின் மேல்பகுதியில்) கேம், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு இருந்து, அதைச் செயின் சுழற்றும் நான்கு ஸ்ட்ரோக் பைக் இன்ஜின்களுக்கு இவை பொருந்தும். டைமிங் செயின் என்றாலும் கேம் செயின் என்றாலும் ஒன்றுதான்.

டைமிங் செயின் உள்ளே ஆயிலில் நனைந்தபடிதானே ஓடுகிறது? அது ஏன் சத்தம் போட வேண்டும்?

பிஸ்டன் சுழற்றும் அடித்தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் கிராங்கில் 16 பல் இருந்தால் கேம் ஸ்ப்ராக்கெட்டில் 32 பல் இருக்கும். சிக்கல் கேம் சுழலும் விதத்தில் இருக்கிறது. வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங் கேமை எதிர்த்துத் தள்ளுகிறது. மூடும்போது அதே ஸ்பிரிங் கேமை முன்னோக்கி உந்திவிடுகிறது. ஒரு நொடி செயின் விறைக்கிறது, மறுநொடி தளர்கிறது. ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் கிராங்கும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. வெடிப்பின்போது பாய்ந்து, கம்ப்ரஷனில் தயங்குகிறது.

சக்கரம் சுற்றும் திசையிலேயே கிராங்கும் சுற்றும் வண்டிகளில் செயினின் முன்பக்கம் கீழ்நோக்கி இழுபடும். அது விறைப்பான பக்கம். பின்பக்கம் தளர்வான பக்கம். செயினை அழுத்தி விறைப்பாக வைக்கும் டென்ஷனர் பெரும்பாலும் பிளாக்கின் (சிலிண்டர் உள்ள பகுதியின்) பின்பக்கத்தில் இருப்பது இதனால்தான். அந்தத் தளர்வை டென்ஷனர் உள்வாங்காமல் விட்டால், செயின் தன்னை வழிநடத்தும் கைடிலும், தான் ஓடும் சுரங்கத்தின் சுவரிலும் அடிக்கும். நமக்குக் கேட்பது அந்த அடிதான்.

எனக்குக் கேட்பது டைமிங் செயினா, டேப்பெட்டா? இரண்டும் மேலே இருந்துதானே வருகிறது?

எங்கே வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். இடம் ஏமாற்றும், நேரம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. டேப்பெட் சத்தம், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் எழும் தட்டல், 'டிக் டிக்' என்று கடிகாரம்போல் ஒழுங்காக வரும். ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க அதே ஒழுங்கோடு வேகம் கூடும். நிமிடத்துக்கு 1,200 சுற்றில் இன்ஜின் ஓடினால் கேம் 600 சுற்றுதான் சுற்றும்; ஒரு வால்வு நொடிக்குப் பத்து முறை தட்டும்.

செயின் சத்தத்தில் இந்த ஒழுங்கு இருக்காது. தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டுக் குலுக்கியதுபோல் 'சரசர', 'கரகர' என்று கலைந்து வரும். ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை முறுக்காமல் ஓடும்போது) கூடும், சற்று முறுக்கினால் அடங்கும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மீண்டும் எழும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போது, வேகம் இறங்கி வரும் அந்த ஓரிரு நொடியில், தெளிவாகக் கேட்கும். அந்த நொடியைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கீழே இருந்து 'டொக் டொக்' என்று கனமாக, சுமை ஏற ஏறக் கூடும் சத்தம் வந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். அது கன்ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) அல்லது கிராங்க் பேரிங்காக இருக்கலாம். ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் விஷயம் அன்று.

ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. நான் எங்கே வைப்பது?

மூடிகளின் நடுவில் வைத்திருப்பீர்கள். மெல்லிய அலுமினிய மூடி எந்த ஒலியையும் வாங்கிப் பறைபோல் அதிரும். அதற்குப் பதில் போல்ட் தலைகளில் வையுங்கள்: டென்ஷனரைப் பிடித்திருக்கும் போல்ட், டேப்பெட் மூடியின் ஓரப் போல்ட், கிளட்ச் மூடிப் போல்ட், மேக்னெட் மூடிப் போல்ட். நான்கையும் ஒரே வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு ஒப்பிடுங்கள். ஓர் இடத்தை மட்டும் கேட்டு எதுவும் சொல்ல முடியாது.

டென்ஷனர் போல்ட்டிலும் ஹெட்டில் செயின் ஓடும் பக்கத்திலும் சத்தம் கூடி, எதிர்ப்பக்கத்தில் குறைந்தால் செயினைச் சந்தேகிக்கலாம். சைலன்சர் இணைப்பில் காற்று கசிந்தாலும் டேப்பெட்போலவே கேட்கும்; அதைத் தேட ஸ்க்ரூடிரைவர் உதவாது. ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை சைலன்சர் இணைப்பருகே நகர்த்துங்கள். தொங்கும் சட்டை, துண்டு எதுவும் வேண்டாம். இடம் காற்றோட்டமாக இருக்கட்டும்.

பிரிப்பதற்கு முன் இந்தச் சத்தமே இல்லை. எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறோம். புதிதில் எப்படிச் சத்தம் வரும்?

தேய்ந்த பொருள் மெல்ல மெல்லச் சத்தம் போட ஆரம்பிக்கும். பிரித்துக் கோத்த அன்றே வரும் சத்தம் பெரும்பாலும் கோர்த்த விதத்தில் இருக்கிறது. ஆகவே கைபட்ட இடங்களைச் சந்தேகியுங்கள்: டென்ஷனர் சரியாக விடுவிக்கப்பட்டதா, முன் கைடு தன் பள்ளத்தில் உட்கார்ந்ததா, டேப்பெட் இடைவெளி வைத்தது சரியா, சைலன்சர் வாயில் புது வளையம் போட்டார்களா. புது உதிரிபாகம் வாங்குவது கடைசி வேலை.

வேறொரு சாத்தியமும் உண்டு. முன்பு தேய்ந்த பிஸ்டனும் கிராங்கும் போட்ட இரைச்சலில் செயின் சத்தம் மறைந்திருக்கும். அவை அமைதியானதும் இது வெளியே தெரிகிறது. அப்படியானால் செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் பழையதாகவே விட்டுவிட்டு மற்றதை மட்டும் புதிதாக்கினார்களா என்று கேளுங்கள். அடிக்கடி நடப்பதுதான்.

எதையும் கழற்றுவதற்கு முன் நானே செய்யக்கூடிய சோதனை ஏதாவது இருக்கிறதா?

ஐடிலிங் வேகத்தைச் சரிபாருங்கள். சேவைக் கையேடு சொல்லும் வேகத்துக்குக் கீழே இன்ஜின் தடுமாறிக்கொண்டிருந்தால் நல்ல செயினும் சலசலக்கும். பல சிலிண்டர் இன்ஜினில் கார்புரேட்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டாலும் இதே கதைதான். ஆயில் அளவைப் பாருங்கள். டேப்பெட் இடைவெளியை இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு அளந்து பாருங்கள். இவை மூன்றும் முடிந்த பிறகும் சத்தம் இருந்தால்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

டேப்பெட் அளக்கும்போது ஒரு விஷயம். ராக்கரின் முனையில் நகம் இடறும் அளவுக்குச் சிறு குழி இருந்தால், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு அந்தக் குழிக்குப் பாலம்போட்டதுபோல் நின்றுவிடும். கேஜ் 0.08 மி.மீ. என்று சொல்லும், உண்மையான இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கும். அளவு சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்றால் ராக்கர் முனையை விரலால் தடவிப் பாருங்கள். சத்தத்தை அடக்குவதற்காக இடைவெளியை ஒரேயடியாகக் குறைத்துவிடவும் வேண்டாம். வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும்.

டென்ஷனரைக் கழற்றிச் சுத்தம் செய்து அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன். அது தானாக அட்ஜஸ்ட் ஆகிக்கொள்ளும் அல்லவா?

தானாக அட்ஜஸ்ட் ஆகும், ஆனால் ஒரு திசையில் மட்டும். பல்லும் கொக்கியும் உள்ள டென்ஷனரில் பிளஞ்சர் (செயின் பக்கம் தள்ளும் சிறு தண்டு) வெளியே வரும், உள்ளே போகாது. கழற்றிய கணமே உள்ளிருக்கும் ஸ்பிரிங் பிளஞ்சரை முழுதாக வெளியே தள்ளிவிடும். அந்த நிலையில் மாட்டி போல்ட்டை முறுக்கினால், நீங்கள் முறுக்கும் விசை முழுவதும் செயின்மேல் இறங்குகிறது. கைடு உடையலாம், செயின் அளவுக்கு மீறி விறைக்கலாம், டென்ஷனரின் காதே உடையலாம்.

சரியான முறை: கொக்கியை அழுத்திக்கொண்டு பிளஞ்சரை முழுதாக உள்ளே தள்ளுங்கள். திருகு வகையாக இருந்தால் பின்பக்கத்துச் சிறிய போல்ட்டைக் கழற்றி, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் திருகி உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். புது கேஸ்கெட்டோடு பிளாக்கில் மாட்டி இரண்டு போல்ட்டையும் இறுக்கிய பிறகுதான் விடுவிக்க வேண்டும். விடுவிக்கும்போது பிளஞ்சர் போய் மோதும் சிறு சத்தம் கேட்கும், அல்லது ஸ்க்ரூடிரைவர் கையில் சுழல்வது தெரியும். இரண்டும் இல்லை என்றால் அது இன்னும் உள்ளேயே சிக்கியிருக்கிறது.

முன்பு மாட்டியது சரியா தவறா என்று நினைவிலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம். போல்ட்டை விரலால் திருகும்போது டென்ஷனர் பிளாக்கோடு ஒட்டி உட்கார்ந்ததா, இல்லை பேனா தடிமனுக்கு எட்டி நின்று ஸ்பேனர் போட்டு இழுக்க வேண்டியிருந்ததா? எட்டி நின்றிருந்தால் பிளஞ்சரை உள்ளே தள்ளாமல் மாட்டியிருக்கிறீர்கள்.

டென்ஷனரைக் கழற்றினால் டைமிங் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

கழற்றுவதால் போகாது. கழற்றிய பிறகு கிராங்கைச் சுற்றினால் போகும், அதிலும் பின்னோக்கிச் சுற்றினால் நிச்சயமாக ஆபத்து. தளர்ந்த செயின் ஸ்ப்ராக்கெட் பல்லைத் தாண்டிக் குதிக்கும். ஆகவே முதலில் பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கம்ப்ரஷன் டாப்பில், அதாவது வால்வுகள் மூடி பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். இரண்டு ராக்கர்களும் விரலுக்கு லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் அது வேறு டாப், இன்னும் ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு டென்ஷனரைக் கழற்றி வேலை முடியும்வரை கிக்கர், செல்ஃப், பின்சக்கரம் எதையும் தொடாதீர்கள். கியரில் இருந்தால் சக்கரத்தைத் தள்ளினாலும் கிராங்க் சுற்றும்.

கையில் வைத்துப் பார்த்தே டென்ஷனர் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமா?

வகையைப் பொறுத்தது. பல்லும் கொக்கியும் உள்ளதில் பிளஞ்சரை வெளியே விட்டு, கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒரு பல் அளவுக்கு மேல் உள்ளே போனால் கொக்கி தேய்ந்துவிட்டது. திருகு வகையில் எவ்வளவு அழுத்தினாலும் பிளஞ்சர் உள்ளே இறங்கக் கூடாது. விடுவித்ததும் தயங்காமல் முழு நீளத்துக்கும் வெளியே வர வேண்டும். பாதியில் நின்றால் உள்ளிருக்கும் சுருள் ஸ்பிரிங் உடைந்திருக்கும் அல்லது பசைபிடித்த ஆயில் அடைத்திருக்கும். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வகையைக் கையில் வைத்து முழுமையாகச் சொல்ல முடியாது; ஆயில் துளை அடைப்பில்லாமல் இருக்கிறதா, பிளஞ்சர் சிராய்ப்பில்லாமல் நகர்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

பழைய இன்ஜின்கள் சிலவற்றில் டென்ஷனர் தானாக எதுவும் செய்யாது. பூட்டுப் போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் செயினை அழுத்தும், மீண்டும் இறுக்கினால் அதே நிலையில் நிற்கும். கோர்த்து முடித்த பிறகு இந்தப் படியை மறந்துவிட்டால் முதல்நாளே சரசரக்கும். இன்ஜின் ஓடும்போது செய்ய வேண்டுமா, நிறுத்தி ஒரு குறிப்பிட்ட நிலையில் வைத்துச் செய்ய வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

புது டென்ஷனரும் போட்டாயிற்று. சத்தம் அப்படியே இருக்கிறது. வேறு கம்பெனி டென்ஷனர் வாங்கட்டுமா?

வேண்டாம். டென்ஷனர்தான் குற்றவாளியா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். தானியங்கி டென்ஷனருக்குப் பதில், கையால் திருகும் டென்ஷனர் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டுங்கள். தகடும் அதன் நடுவே நீண்ட போல்ட்டும் கொண்ட எளிய சாதனம் அது. மேலே சொன்னபடி டாப்பில் வைத்து, போல்ட் கைடைத் தொடும்வரை விரலால் மட்டும் திருகி, பூட்டு நட்டை இறுக்குங்கள். கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் டென்ஷனர் அழுத்தவில்லை, அல்லது அதன் நீளம் எட்டவில்லை. போகவில்லை என்றால் தளர்வு காரணம் அன்று. இது சோதனைக்கு மட்டும். ஸ்பேனர் போட்டு இறுக்கி அமைதிப்படுத்துவது வைத்தியம் ஆகாது.

தளர்வு காரணம் இல்லை என்று தெரிந்தால் அடுத்தது முன் கைடு. அதன் அடிமுனை கிராங்க் கேஸில் ஒரு பள்ளத்தில் உட்கார வேண்டும், மேல்முனையின் இரு காதுகள் பிளாக்கின் வெட்டில் விழ வேண்டும். பிளாக்கை இறக்கும் அவசரத்தில் அடிமுனை பள்ளத்துக்கு வெளியே நின்றுவிடும். பின்பு ஹெட்டைப் போட்டு இறுக்கியதும் கைடு வில்லாக வளைந்து செயினை உரசும். டேப்பெட் மூடியைத் திறந்து, கேம் ஸ்ப்ராக்கெட்டின் முன்பக்கச் சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கைடின் மேல்முனை சுற்றியுள்ள வார்ப்பைவிட உயர்ந்து நின்றால் அடியில் அது உட்காரவில்லை. ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வருத்தம்தான்.

செயின் 'நீண்டுவிட்டது' என்கிறார் மெக்கானிக். இரும்பு எப்படி நீளும்?

தகடுகள் நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசி தேய்கிறது, ஊசி சுழலும் துளையும் தேய்கிறது. ஓர் இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம், மொத்தத்தில் கூடிவிடுகிறது. உதாரணமாக 6.35 மி.மீ. பிட்ச் (ஊசிக்கு ஊசி உள்ள தூரம்) உள்ள 90 கண்ணிச் செயினின் நீளம் 571.5 மி.மீ. அதில் ஒரு சதவீதம் தேய்ந்தால் 5.7 மி.மீ. கூடுதல். டென்ஷனர் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். பிளஞ்சர் கடைசிப் பல்லில் நிற்கிறது என்றால் டென்ஷனர் நல்லதாக இருந்தும் எட்டவில்லை.

தேய்மானம் சத்தத்தோடு நிற்பதில்லை. விறைப்பான முன்பக்கமும் நீளுவதால் கேம் பின்தங்கும். மேலே சொன்ன அளவில் 32 பல் கேம் ஸ்ப்ராக்கெட் இருந்தால், ஒரு சதவீதத் தேய்மானம் கிராங்க் கணக்கில் சுமார் 7 டிகிரி பின்தங்கலாக வரும். இன்ஜின் வேலை முடிந்தும் இழுவை வரவில்லை என்று புலம்புகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுவே: பழைய செயின்.

செயினை மட்டும் மாற்றினால் போதாதா?

ஸ்ப்ராக்கெட் பல் நுனிகள் கொக்கிபோல் வளையாமல், பள்ளங்கள் ஒரே அளவாக இருந்தால் போதும். வளைந்த பல்லில் புதுச் செயின் ஓடினால் செயின் சீக்கிரம் தேயும். கைடின் ரப்பரில் செயின் பதிந்த இரட்டைக் கோடு இருப்பது இயல்பு. அந்தக் கோட்டின் அடியில் உலோகம் தெரிந்தாலோ ஓரம் பிய்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். கண்ணிகளின் எண்ணிக்கையைப் பழைய செயினோடு எண்ணிப் பாருங்கள். தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் செயின்களில் இரண்டு கண்ணி வித்தியாசம் இருப்பதுண்டு.

கிராங்க் கேஸைப் பிரிக்காமல், பழைய செயினை வெட்டிப் புதியதை இணைத்து இழுத்துவிடலாம் என்கிறார்களே?

செய்யலாம், ரிவெட் இணைப்போடு விற்கப்படும் செயின் உங்கள் இன்ஜினுக்குக் கிடைத்தால். பழைய செயினின் முனையில் புதியதைக் கட்டி, கிராங்கை மெல்லச் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இணைப்பு ஊசியை அதற்குரிய கருவியால்தான் விரிக்க வேண்டும். சுத்தியலால் தட்டி ஒப்பேற்றக் கூடாது. கிளிப் போட்ட இணைப்பை, உற்பத்தியாளரே சொல்லியிருந்தாலன்றி, டைமிங் செயினில் போடாதீர்கள். வெட்டும்போது விழும் தூள் கிராங்க் கேஸுக்குள் போகாமல் துணி அடைத்துக்கொள்வதும் முக்கியம். இன்ஜின் ஏற்கெனவே முழுதாகப் பிரிந்து கிடக்கும்போது இந்தக் குறுக்குவழிக்கு அவசியமே இல்லை.

ஹெட்டை மட்டம் பார்த்துத் தேய்த்தார்கள். அதனால் செயின் சத்தம் வருமா?

வரலாம், ஆனால் அதுமட்டுமே காரணமாவது அரிது. ஹெட்டிலோ பிளாக்கிலோ 0.5 மி.மீ. தேய்த்தால் கேமும் கிராங்கும் அந்த அளவு நெருங்குகின்றன. செயின் இரு பக்கமும் ஓடுவதால் மொத்தத் தளர்வு 1 மி.மீ. கூடும். புதுச் செயினும் நல்ல டென்ஷனரும் அதை எளிதாக உள்வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே தேய்ந்த செயினோடு இது சேரும்போதுதான் டென்ஷனரின் எல்லை தாண்டுகிறது. கேம் நேரமும் அதே 32 பல் கணக்கில் கிராங்க் அளவில் 2 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கும். மெல்லிய கேஸ்கெட் போட்டாலும் இதே விளைவு.

ஒரு பல் மாறிக் கோர்த்திருந்தால் இப்படிச் சத்தம் வருமா?

பல் மாறியதால் செயின் சத்தம் வராது. 32 பல் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்பது கேமில் 11.25 டிகிரி, கிராங்கில் 22.5 டிகிரி. அது ஸ்டார்ட் ஆகாமை, ஐடிலிங் நில்லாமை, இழுவை இன்மை என்று வெளிப்படும். வால்வு பிஸ்டனைத் தொட்டால் மட்டும் கூர்மையான உலோகத் தட்டல் கேட்கும். அப்போது உடனே நிறுத்த வேண்டும்.

சரிபார்க்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குறிகளை ஒத்துவைத்து ஸ்ப்ராக்கெட்டை மாட்டும்போது முன்பக்கத்தில் தளர்வு விட்டிருந்தால், டென்ஷனர் அழுத்தியதும் கேம் நகர்ந்துவிடும். அதனால் டென்ஷனரை விடுவித்த பிறகு, கிராங்கை அது ஓடும் திசையில் ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பாருங்கள். நடுவில் எங்காவது கெட்டியாக இடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள்.

கரகர சத்தம் இல்லை. ஆனால் வேகம் கூடக் கூட ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம். இதுவும் செயினா?

செயின் அளவுக்கு மீறி விறைத்திருக்கலாம். 16 பல் கிராங்க் ஸ்ப்ராக்கெட் 1,200 சுற்றில் நொடிக்கு 320 முறை செயினோடு பிணைகிறது. அது ஒரு இசைச் சுரம்போல் ஒலிக்கும், வேகத்தோடு சுருதியும் ஏறும். டென்ஷனரை உள்ளே தள்ளாமல் மாட்டியது, இறுக்கிவிட்ட கையால் திருகும் டென்ஷனர், கண்ணி குறைந்த செயின் ஆகியவை வழக்கமான காரணங்கள். கரகரப்பைவிட இதைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். கேம் பேரிங்கும் கைடும் இதில் வேகமாகத் தேய்கின்றன, ஆனால் இன்ஜின் 'அமைதியாக' இருப்பதாக நினைத்து ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். கிராங்கிலிருந்து கிளட்சுக்குப் போகும் கியரும் இதேபோல் ஊளையிடும். போல்ட் தலைகளில் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கரகரத்து அடங்கிவிடுகிறது. பிரச்சினையா?

ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனரில் இது பெரும்பாலும் இயல்பு. இரவில் வடிந்த ஆயில் திரும்ப நிறைய அவ்வளவு நேரம் ஆகும். இன்ஜின் வேலைக்குப் பின் முதல் ஸ்டார்ட்டில் இன்னும் சற்று நேரம் எடுக்கலாம். அடங்காமல் நீண்டால் ஆயில் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். பல சிறிய இன்ஜின்களில் ஹெட்டுக்கு ஆயில், ஒரு ஸ்டட் துளையைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகத்தான் ஏறுகிறது. அங்கே வைக்க வேண்டிய ஓரிங்கை மறந்தாலோ, கேஸ்கெட் பசையை அள்ளிப் பூசியதில் துளை அடைத்தாலோ மேலே எல்லாம் வறண்டு போகும். ஐடிலிங்கில் டேப்பெட் மூடியைத் திறந்து பாருங்கள். சற்று நேரத்தில் ராக்கர்கள் நனைய வேண்டும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார்களே?

கொஞ்சம் குறையும். காரணம் அப்படியே இருக்கும், கண்டுபிடிப்பதுதான் கடினமாகும். குளிரில் ஆயில் மேலேறவும் தாமதமாகும். கையேடு சொல்லும் ஆயிலை ஊற்றிவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள்.

கிளட்சைப் பிடித்தால் சத்தம் குறைகிறது. செயினுக்கும் கிளட்சுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பில்லை. கிளட்ச் லீவரை இழுத்ததும் மாறும் சத்தம் கிளட்ச் பக்கத்துடையது அல்லது கியர் பாக்ஸுடையது. கிளட்ச் பாஸ்கெட்டின் அதிர்வு ஸ்பிரிங்குகள் தளர்ந்தால் ஐடிலிங்கில் செயின்போலவே கரகரக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: லீவரை இழுக்கும்போது ஐடிலிங் வேகமும் லேசாக மாறும். வேகத்தை அதே அளவில் பிடித்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

இன்ஜின் சூடானதும் சத்தம் நின்றுவிடுகிறது. அப்படியானால்?

செயின் தளர்வு சூட்டில் குணமாவதில்லை. அலுமினிய பிளாக் விரிவடைவதால் சற்று விறைக்கும், அவ்வளவே. சூட்டில் மறையும் 'தட்தட்' பெரும்பாலும் பிஸ்டன் போரில் (அது ஏறி இறங்கும் துளையில்) ஆடுவது. இடைவெளி கூடுதலாக விட்டு போர் செய்திருப்பார்கள். இல்லையென்றால் சைலன்சர் வாய்க் கசிவு. ஹெட்டும் குழாயும் சேரும் இடத்தில் விசிறிபோல் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். டேப்பெட் சத்தம் என்று நினைத்து வால்வு வேலை பார்த்த வண்டிகளில், குற்றவாளி ஹெட் வாயில் திரும்பப் போட்ட பழைய நசுங்கிய வளையமாக இருந்ததை எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

ஐடிலிங்கில் மட்டும் ஒரு தட்டல். லேசாக முறுக்கினால் சட்டென்று போய்விடுகிறது. டென்ஷனர், கைடு, டேப்பெட் எல்லாம் சரி. இனி எதைப் பார்ப்பது?

உங்கள் கேமில் தானியங்கி டிகம்ப்ரசர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்ய எளிதாக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கும் சிறு அமைப்பு அது. குறைந்த வேகத்தில் வேலை செய்து, கேம் வேகம் கூடியதும் மையவிலக்கு விசையால் ஒதுங்கிக்கொள்ளும். அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, கோர்க்கும்போது தவறாகக் கொக்கியிட்டாலோ ஐடிலிங்கின் விளிம்பில் அது உள்ளும் வெளியுமாகத் தட்டும். செயின் சத்தம் முறுக்கும்போது மெல்ல அடங்கும். இது ஒரு கோட்டைத் தாண்டியதும் சுவிட்சைத் தட்டியதுபோல் நிற்கும்.

ஆயில் மாற்றியபோது கருப்புத் துணுக்குகளும் பளபளப்பான தூளும் வந்தன. பயப்பட வேண்டுமா?

முதல் ஆயில் மாற்றத்தில் மெல்லிய தூள் வருவது சகஜம். துணுக்குகளை வெள்ளைத் துணியில் பரப்பி, காந்தத்தைக் காட்டுங்கள். நகத்தால் அழுத்தினால் அமுங்கும் கருப்புத் துண்டு கைடு ரப்பர். காந்தத்தில் ஒட்டாத பளபளப்பான செதில் அலுமினியம். செயின் சுரங்கச் சுவரை அறுக்கிறது என்று சந்தேகிக்கலாம், பிஸ்டனாகவும் இருக்கலாம். ஒட்டும் ஊசி போன்ற துகள் எஃகு. ஆயில் வடிகட்டி வலையையும் கழற்றிப் பாருங்கள். பெரிய துண்டுகள் அங்கேதான் தங்கும். ரப்பரும் அலுமினியமும் சேர்ந்து வந்தால் கைடு உடைந்து செயின் சுவரைத் தொட்டுவிட்டது என்பதே என் முதல் யூகம்.

'புதுச் செயின், ஓட ஓடச் சரியாகிவிடும்' என்கிறார் மெக்கானிக். நம்பி ஓட்டலாமா?

சத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பொறுத்தது. புதுக் கைடின் ரப்பரில் செயின் தடம் பதியும்வரை மெல்லிய சலசலப்பு இருக்கலாம். புதுச் செயினும் தொடக்கத்தில் சற்று இளகும், தானியங்கி டென்ஷனர் அதை எடுத்துக்கொள்ளும். சில நூறு கிலோமீட்டருக்குள் அது குறைந்துகொண்டே வர வேண்டும். முதல்நாளே கைபேசியில் ஒலியைப் பதிந்து வையுங்கள்: இன்ஜின் சூடான பிறகு, ஒரே இடத்தில், ஐடிலிங்கிலும் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போதும். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நினைவை நம்பி ஒப்பிடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

குறைந்திருந்தால் ஓட்டுங்கள். அப்படியே இருந்தால் அடுத்த ஆயில் மாற்றத்தோடு டென்ஷனரைக் கழற்றிப் பாருங்கள். கூடியிருந்தால், அல்லது ஒருநாள் திடீரென்று புதிதாக ஓர் உரசல் சேர்ந்திருந்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பல் குதித்து வால்வு வளைந்தால் ஹெட் வேலையை முதலிலிருந்து பார்க்க நேரிடும்.